கார்டின் ஜாதகம்

கல்யாண வீடியோவுக்கு முதல் எதிரி இருட்டு. முகூர்த்தம் பல சமயம் விடியுமுன்னே வந்துவிடும். மண்டபத்தில் டியூப்லைட், ஓமப் புகை, லைட்மேன் தூக்கிப் பிடித்திருக்கும் ஒற்றை விளக்கு. அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில், மாப்பிள்ளையின் தலைமுடி, தூணின் நிழல் என்று கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் அதைக் 'கிரெயின்ஸ்' என்பார்கள். அதைத் துடைக்கும் மென்பொருள் ஒன்றைச் சென்னை வடபழனியில், ஒரு மாடி அறையில், நாங்கள் சிலர் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். 2009-இல் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன்.

ஹெச்டி படத்தின் ஒரு ஃபிரேமில் 1920-க்கு 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். நம் ஊர் முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அக்கம்பக்கத்தையும், முன்னிரண்டு பின்னிரண்டு ஃபிரேம்களில் அதே இடத்தையும் பார்த்து, எது உண்மையான நிறம், எது கேமராவின் தடுமாற்றம் என்று தீர்மானிக்க வேண்டும். அன்றைய டூயல் கோர் பிராசஸரில் மூன்று மணி நேரக் கல்யாணத்தைப் போட்டால் ராத்திரி முழுக்க ஓடி மறுநாளும் ஓடும். தை மாதத்தில் வரிசையாக ஆர்டர் பிடித்துவைத்திருக்கும் ஸ்டுடியோவுக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நல்ல குணம் உண்டு: ஒரு புள்ளியின் விடைக்காக இன்னொரு புள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடலாம், போட ஆள் இருந்தால்.

ஆள் கிராபிக்ஸ் கார்டில் இருந்தது. 2006 நவம்பரில் என்விடியா, 8800 ஜிடிஎக்ஸ் கார்டோடு சேர்த்துக் குடா என்ற நிரலாக்க முறையை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அதன் முதல் முழு வெளியீடு வந்தது. அந்தக் கார்டில் 128 சின்னச் சின்னப் பிராசஸர்கள். அதற்கு முன்பு கார்டைப் பொதுக் கணக்குப் போட வைக்க வேண்டுமென்றால், ஏதோ படம் வரைவதாகப் பாவனை செய்து ஓபன்ஜிஎல் வழியாக அதை ஏமாற்ற வேண்டும். குடாவில் சி மொழியிலேயே எழுதிவிடலாம்.

எழுதலாம், சரி. எந்தக் கார்டுக்கு?

ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி இல்லை. அவர் மேசையில் இருக்கும் கார்டுக்கு எழுதுவார். எங்கள் மென்பொருள் கும்பகோணத்திலும் நாகர்கோவிலிலும் பொள்ளாச்சியிலும் ஓட வேண்டும். அந்த ஊர் ஸ்டுடியோக்களின் 'மிக்ஸிங்' கம்ப்யூட்டர் எல்லாம் அசெம்பிள்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உள்ளூர்க் கடையிலோ அன்றைக்கு எது மலிவோ அந்தக் கார்டு. ஒருவரிடம் 9800 ஜிடி, ஒருவரிடம் 16 கோர் மட்டுமே கொண்ட ஜிஃபோர்ஸ் 210, ஒருவரிடம் எங்கள் அலுவலகத்திலேயே இல்லாத அளவுக்குப் பெரிய கார்டு. ஆகவே மென்பொருள் வேலையைத் தொடங்குமுன் கார்டிடமே கேட்டாக வேண்டும்: நீ யார், உன்னால் எவ்வளவு முடியும்?

கேட்பதற்குக் குடாவில் வழி இருக்கிறது. எத்தனை கார்டு என்று கேட்க ஒரு அழைப்பு, குடா கெட் டிவைஸ் கவுன்ட். பிறகு ஒவ்வொரு கார்டுக்கும் குடா கெட் டிவைஸ் பிராப்பர்ட்டீஸ். வெறும் ஸ்ட்ரக்சர் ஒன்றைக் கொடுத்தால் டிரைவர் அதை நிரப்பித் தரும்: பெயர், மொத்த மெமரி, கோர்களின் கூட்டமான மல்டிபிராசஸர்களின் எண்ணிக்கை, பிளாக் என்கிற ஒரு தொகுப்பில் அடங்கும் த்ரெட்களின் உச்ச வரம்பு, ரெஜிஸ்டர்கள், ஷேர்டு மெமரி, (அன்றைய பதிப்புகளில்) கிலோஹெர்ட்ஸில் கிளாக் வேகம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்ப்யூட் கேபபிலிட்டி என்கிற தலைமுறை எண். என்விடியாவின் மாதிரி நிரல்களில் டிவைஸ்குவரி என்று ஒன்று உண்டு. இதையெல்லாம் வரிசையாக அச்சடித்து, கடைசியில் 'பாஸ்' போடும். எங்கள் மென்பொருளிலும் அதே வேலையைச் செய்யும் பட்டன் ஒன்று வைத்தோம். அழுத்தினால் டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் விழும். கல்யாண வேலை என்பதால் முதலாளி அதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்தார். புகார் சொல்லி யார் போன் செய்தாலும் முதல் பதில், "ஜாதகத்தை மெயில் பண்ணுங்க சார்" என்பதுதான்.

ஜாதகத்தின் அருமை எனக்குப் புரிந்தது கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு போனில். "தம்பி, புது வெர்ஷன் போட்டதுலேருந்து பாக்குறேன். வேலை சும்மா பறக்குது. ஆனா கிரெயின்ஸ் அப்படியே நிக்குதே!" பறந்ததற்குக் காரணம், வேலையே நடக்கவில்லை. 2010-இல் அலுவலகத்துக்கு ஜிடிஎக்ஸ் 460 வந்திருந்தது. ஃபெர்மி தலைமுறை, ஒரு பிளாக்கில் 1024 த்ரெட் வரை ஏற்கும். எங்கள் சீனியர் உற்சாகமாகப் பிளாக் அளவை 32-க்கு 32 என்று மாற்றி வேகத்தைக் கூட்டியிருந்தார். கும்பகோணத்தில் இருந்தது 9800 ஜிடி, கேபபிலிட்டி 1.1. அதன் வரம்பு 512. வரம்பு மீறினால் கார்டு சத்தம் போடாது. கெர்னல், அதாவது கார்டில் ஓட நாம் எழுதிய நிரல், ஓடாது, அவ்வளவுதான்; பிழை நேர்ந்ததா என்று நாமாகத் தனியே கேட்டால்தான் சொல்லும். உள்ளே போன ஃபிரேம் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது.

வரம்பைக் கேட்டு அதற்கேற்ப பிளாக்கை அமைத்தால் போதும் என்றுதான் தோன்றும். போதாது. 1.1 கார்டில் ஒரு மல்டிபிராசஸருக்கு 8192 ரெஜிஸ்டர். எங்கள் கெர்னலில் ஒரு த்ரெட்டுக்கு 20 ரெஜிஸ்டர் தேவைப்பட்டால், 512 த்ரெட்டுக்கு 10,240. ஜாதகத்தில் 512 என்று இருந்தாலும் இந்தக் கெர்னலுக்கு அது நடக்காது. 256 வைத்தால் 5120, அடங்கும். அதாவது கார்டைக் கேட்பது பாதி. நாம் எழுதிய கெர்னலையும் கேட்க வேண்டும், அதற்குத் தனி அழைப்பு இருக்கிறது. இரண்டு பதிலையும் சேர்த்து எத்தனை த்ரெட் வைத்தால் கார்டு நிறைந்து ஓடும் என்று பார்க்க, அந்தக் காலத்தில் என்விடியா ஒரு எக்ஸெல் ஷீட் கொடுத்திருந்தது. பல கோடிக் கணக்கை ஒரு விநாடியில் போடும் பொறிக்கு முன்னால் உட்கார்ந்து, எக்ஸெல்லில் கட்டம் கட்டமாக எண்ணைத் தட்டிக்கொண்டிருப்போம். 2014-இல் குடா 6.5 வந்தபோதுதான் அந்தக் கணக்கை நிரலே கேட்டுத் தெரிந்துகொள்ளும் அழைப்பு வந்தது.

பெயரைக் கேட்டே முடிவுசெய்துவிடலாம் என்ற யோசனையும் எங்களிடம் எழுந்தது. பெரிய இடத்திலேயே அப்படித்தான் செய்தார்கள். 2010-இல் வந்த அடோபி பிரிமியர் சிஎஸ்5, குடாவைப் பயன்படுத்தி எடிட்டிங்கை வேகப்படுத்தியது, ஆனால் ஒருசில கார்டுகளில் மட்டும். அந்தப் பெயர்கள் மென்பொருளின் ஃபோல்டரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தன. உலகம் முழுக்க எடிட்டர்கள் நோட்பேடில் அதைத் திறந்து, தங்கள் கார்டின் பெயரை ஒரு வரி சேர்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பெரும்பாலும் நன்றாகவே ஓடியது. பின்னர் வந்த பதிப்புகளில் அந்தப் பட்டியல் கட்டுப்பாடு தளர்ந்தது. அடோபிக்கு ஒரு நியாயம் இருந்தது: சோதித்துப் பார்த்த கார்டுக்குத்தானே உத்தரவாதம் தர முடியும்? ஆனால் பெயர் என்பது விற்பனைப் பிரிவு வைப்பது. பழைய சில்லே புதுப் பெயரில் வரும். ஜிடிஎஸ் 250 என்பது பெரும்பாலும் 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ்தான். தலைகீழாகவும் நடக்கும். 2014-இல் வந்த ஜிடி 730-இல் ஒரே பெயரின் கீழ் 96 கோர் கொண்ட ஃபெர்மி கார்டும் உண்டு, 384 கோர் கொண்ட, அடுத்த தலைமுறையான கெப்ளர் கார்டும் உண்டு. மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஜிடி 730; ஒன்று ஓட, ஒன்று நடந்தது. ஜாதகங்களை வாங்கிப் பார்த்தேன். பெயர் ஒன்று. மல்டிபிராசஸர் எண்ணிக்கையும் இரண்டிலும் 2. ஒன்றில் கேபபிலிட்டி 2.1, மற்றதில் 3.5. அந்த ஒரு வரியில்தான் குட்டு உடைந்தது.

மல்டிபிராசஸர் எண்ணிக்கையை வைத்தும் ஏமாறலாம். ஜிடிஎக்ஸ் 580-இல் அது 16. அடுத்த தலைமுறை ஜிடிஎக்ஸ் 680-இல் 8. எண்ணிக்கை அதிகமுள்ள கார்டைத் தேர்ந்தெடு என்று நிரல் எழுதியவர், இரண்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் பழையதில் போய் உட்காருவார். ஒரு மல்டிபிராசஸருக்குள் 580-இல் 32 கோர், 680-இல் 192 கோர். இந்த 32-ம் 192-ம் ஜாதகத்தில் இல்லை என்பதுதான் வேடிக்கை. எனக்குத் தெரிந்த பல புரோகிராமர்கள் இதை நம்ப மறுத்திருக்கிறார்கள். டிவைஸ்குவரி 'இத்தனை குடா கோர்' என்று அச்சடிக்கிறதே என்பார்கள். அது கார்டு சொன்ன எண் அல்ல. மாதிரி நிரலோடு வரும் ஒரு ஹெடர் ஃபைலில், இந்தத் தலைமுறைக்கு இத்தனை கோர் என்று ஒரு அட்டவணை கையால் எழுதப்பட்டிருக்கிறது. அதை எடுத்துப் பெருக்கிக் காட்டுகிறது. அட்டவணையில் இல்லாத புதுத் தலைமுறை வந்தால், ஒரு எச்சரிக்கையோடு கடைசியாகத் தெரிந்த எண்ணையே போட்டுக்கொள்ளும்.

நாங்களும் அந்த அட்டவணையை அப்படியே எடுத்து வைத்திருந்தோம். அது கெப்ளரோடு நின்றிருந்தது. 2014-இல் மேக்ஸ்வெல் தலைமுறையின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ வந்தது: மல்டிபிராசஸர் 5, ஒவ்வொன்றிலும் 128 கோர், மொத்தம் 640. எங்கள் நிரல் ஐந்தை 192-ஆல் பெருக்கி 960 என்றது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் அதற்காகவே போன் செய்தார். "ஏனுங்க, பெட்டில 640-ன்னு போட்டிருக்குது, உங்க சாஃப்ட்வேர்ல 960 காட்டுதுங்க. கடைக்காரன் தெரியாம பெரிய கார்டைக் குடுத்துட்டானுங்களா?" அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னேன். அடுத்த பதிப்பில் கோர் எண்ணிக்கையைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டோம். எங்கள் கணக்குக்கு அது தேவைப்பட்டதே இல்லை. பெட்டியில் அச்சடித்திருப்பதால் வாடிக்கையாளருக்குத்தான் அது தேவைப்பட்டது.

ஜாதகங்களில் நான் பார்த்ததிலேயே விசித்திரமானது ஆரம்ப காலத்து ஒன்று. குடாவின் முதல் சில பதிப்புகளில், கார்டே இல்லாத கம்ப்யூட்டரில் எத்தனை கார்டு என்று கேட்டால், பூஜ்யம் வராது. 1 என்று வரும். அது நிஜக் கார்டு அல்ல, கார்டைப் போல நடிக்கும் எமுலேஷன். எல்லா வசதியையும் நடித்துக் காட்ட முடியும் என்பதால் அதன் கேபபிலிட்டி 9999.9999. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். நாங்கள் '1.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓடு' என்று சோதனை வைத்திருந்தோம். ஆக, நிஜக் கார்டுகளில் மிகப் பழையது தடுக்கப்பட்டு வாசலில் நிற்கும். கார்டே இல்லாத கம்ப்யூட்டர் முதல் மரியாதையோடு உள்ளே போகும். 9999-ஐத் தனியே பிடித்து வெளியே தள்ள ஒரு வரி சேர்த்தோம். குடா 3 காலத்தில் எமுலேஷனே போய்விட்டது. அந்த வரி மட்டும் நிரலில் பல வருஷம் கிடந்தது, எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஜாதகத்தில் மெமரி வரியை மட்டும் நான் கடைசிவரை நம்பியதில்லை. மொத்தம் 1 ஜிபி என்று இருக்கும். ஒரு ஹெச்டி ஃபிரேமை நான்கு ஃபுளோட்டிங் பாயின்ட் எண்களாக வைத்தால் 33 எம்பி; ஐந்து ஃபிரேமுக்கு 165, இடைக்கணக்குக்கு இன்னும் கொஞ்சம். தாராளமாக அடங்கும் என்று காகிதம் சொல்லும். ஆனால் எங்களுக்கு முன்பே எடிட்டிங் மென்பொருள் கார்டில் பாய் விரித்துப் படுத்திருக்கும். விண்டோஸ் தன் பங்கை எடுத்திருக்கும். எவ்வளவு காலி என்பதற்கு வேறொரு அழைப்பு உண்டு. அதைக் கேட்டு முடித்து மெமரியை எடுப்பதற்குள் இன்னொரு மென்பொருள் அதை எடுத்திருக்கலாம். ஆகவே கேட்பதோடு, கிடைக்காவிட்டால் மூன்று ஃபிரேமோடு சமாளிக்கவும் வழி வைத்தோம்.

நேர வரம்பு இன்னொரு தலைவலி. ஒரே கார்டு மானிட்டரையும் ஓட்டி, எங்கள் கணக்கையும் போட வேண்டும். கணக்கு ஓடும்போது திரை உறைந்து நிற்கும். விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஒரு காவல் உண்டு: கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். திரை ஒருமுறை கறுத்து மீளும், மூலையில் 'டிஸ்ப்ளே டிரைவர் மீண்டுவிட்டது' என்று ஒரு செய்தி வரும், எங்கள் கணக்கு செத்திருக்கும். அந்தக் காவல் இருக்கிறதா என்பதற்கும் ஜாதகத்தில் ஒரு கட்டம் இருந்தது. எங்கள் வாடிக்கையாளர் எல்லோரிடமும் 'உண்டு' என்றுதான் வரும். கணக்குக்கென்று இரண்டாவது கார்டு வாங்கிப் போடும் ஸ்டுடியோவை நான் கண்டதில்லை. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அந்த இரண்டு விநாடியை நீட்டலாம். பிறர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய முதலாளி சம்மதிக்கவில்லை, சரியாகவே. ஃபிரேமைக் கிடைவாட்டில் பட்டை பட்டையாக வெட்டினோம். ஒரு பட்டை எவ்வளவு உயரம்? மல்டிபிராசஸர் எண்ணிக்கையையும் கிளாக்கையும் வைத்து ஊகித்தோம். ஜிஃபோர்ஸ் 210 அந்த ஊகத்தை மதிக்கவில்லை. மெமரி வேகம் குறைந்த கார்டு. அதன் கோர்கள் தரவுக்காகக் காத்துக் கிடந்தன.

அதன் பிறகு ஊகத்தை விட்டுவிட்டு அளக்கத் தொடங்கினோம். மென்பொருள் திறந்ததும் சின்னப் பட்டை ஒன்றைக் கார்டில் ஓட்டி, எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து, அதிலிருந்து மற்றதைக் கணக்கிடுவது. ஜாதகம் வரம்புகளைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. 2015 ஜனவரியில் ஜிடிஎக்ஸ் 970 விவகாரம் வெடித்தபோது இதை உலகமே பேசியது. கார்டைக் கேட்டால் மெமரி 4 ஜிபி என்று சொன்னது, பொய்யும் இல்லை. ஆனால் அதில் கடைசி அரை ஜிபி மற்ற மூன்றரையைவிட மிக மெதுவானது. துண்டு துண்டாக மெமரியை எடுத்து ஒவ்வொன்றின் வேகத்தையும் அளந்து பார்த்தவர்கள்தான் அதைப் பிடித்தார்கள். எல்2 கேஷ் அறிவித்த 2 எம்பி அல்ல, 1.75 எம்பி என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அமெரிக்காவில் வழக்கு நடந்து, வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 30 டாலர் கொடுக்க என்விடியா ஒப்புக்கொண்டது.

என்விடியா அல்லாத ராடியான் கார்டு வைத்திருந்தவர்களுக்காக ஓபன்சிஎல்லிலும் ஒரு பதிப்பு செய்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. அங்கே ஒரு பெயரைக் கேட்பதற்குக்கூட இரண்டு முறை அழைப்பதுதான் வழக்கம்: பதில் எவ்வளவு நீளம் என்று ஒருமுறை, பதிலுக்காக இன்னொருமுறை. கம்ப்யூட் யூனிட் எத்தனை என்று கேட்டால் சிபியுவும் கை தூக்கும், ஜிபியுவும் கை தூக்கும். இரண்டின் யூனிட்டும் ஒன்றல்ல. ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய மெமரிக்குத் தனி உச்ச வரம்பு உண்டு, மொத்தத்தில் கால் பங்கு கொடுத்தால் போதும் என்று விதியே அனுமதிக்கிறது. எல்லா நிறுவனக் கார்டுக்கும் பொதுவாக ஒரு கேள்வித்தாள் தயாரித்தால் இப்படித்தான் இருக்கும்.

வடபழனி அலுவலகம் இப்போது இல்லை. நான் பார்க்கும் வேலையில் கார்டுகள் வாடகைக்கு வருகின்றன, கண்ணில் படுவதில்லை. சென்ற வருஷம் எங்கள் குழுவில் சேர்ந்த பெண், ஜாதகம் என்ற பெயரை என்னிடமிருந்து பிடித்துக்கொண்டவள், லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "சார், ஏ100-ன்னு சொல்லித்தானே எடுத்தோம்? 108 மல்டிபிராசஸர் வரணும். 14 தான் வருது."

பெயர் வரியை முழுசாகப் படிக்கச் சொன்னேன். கடைசியில் எம்ஐஜி என்று இருந்தது. ஏ100-ஐ ஏழு துண்டு வரை பிரித்து ஏழு பேருக்குக் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் கேட்கும்போது அவரவர் துண்டின் ஜாதகம்தான் கிடைக்கும்.

மனக்கணக்குப் போட்டாள். "ஏழு பதினாலு தொண்ணூத்தெட்டுதானே சார். பாக்கி பத்து?"

சில்லுக்குள் மல்டிபிராசஸர்கள் ஏழு கூட்டமாக இருக்கின்றன, எல்லாக் கூட்டமும் சமமில்லை, சிலவற்றில் 16, சிலவற்றில் 14; பிரிக்கும்போது எல்லோருக்கும் 14 என்று வைத்துவிடுகிறார்கள், மிச்சம் யாருக்கும் இல்லை என்று விளக்கினேன்.

"அப்ப அந்தப் பத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்குறாங்களா?"

அதற்கு எந்த அழைப்பிலும் பதில் இல்லை. அக்கவுண்ட்ஸுக்கு மெயில் போட்டிருக்கிறாள்.